ஆளுக்கொரு சுபநேரம்

1

பனி நாட்டில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஐஸ் கட்டியின் படத்தைப் பார்த்து அழுத பொம்பளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். துக்கத்தில் அழவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமை தாங்காமல் அழுதேன்.

படத்தை அனுப்பியவள் என் தங்கை செல்வி. கட்டுகஸ்தோட்டையில் ஐஸ் பேக்டரி வைத்திருக்கிறாள். கண்டியில் மீன் விற்பவர்களும் சர்பத் கடைக்காரர்களும் வாங்கிப்போகும் பெரிய பெரிய ஐஸ் பாளங்கள் அங்கேதான் உறைகின்றன. படத்தில் இருந்த பாளத்துக்குள் ஒரு செவ்வரத்தைப் பூ, இதழ் கசங்காமல் அப்படியே நின்றது. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "அக்கா, இன்னையோட ஒரு வருஷம். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்காவா! கேட்கிறாளே கேள்வி! போன சித்திரைப் புத்தாண்டு அன்று எங்கள் கடைத்தெரு செய்த காரியத்தைப் பற்றி ஊரில் இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். முருகன் அருள் என்கிறார் ஒருவர். யாரோ ஒரு பையன் வீடியோ எடுத்து 'சூரிய அதிசயம்' என்று பெயர் வைத்துப் போட்டிருக்கிறான். அதிசயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கடல் தாண்டி இருந்தாலும் அன்றைக்குப் போனில் கூடவே நின்றவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்.

2

நான் இருப்பது நோர்வேயின் பேர்கன். கண்டியைப் போலவே மலைகளுக்கு நடுவில் கிடக்கும் ஊர், மழை மட்டும் கண்டியை விட அதிகம். வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரண்டு கொண்டுபோகும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. யாராவது பெரிய மெஷின் பூட்ட வேண்டும், கூரையில் சோலார் போட வேண்டும் என்று கேட்டால், அந்தத் தெருவின் கம்பி தாங்குமா தாங்காதா என்று பார்த்துச் சொல்வது என் மேசை. பெரும்பாலும் தாங்காது என்றுதான் சொல்வேன். என்னைச் சபித்த நோர்வேக்காரர்களை ஏற்றினால் ஒரு பஸ் நிறையும். இவர்கள் சபிப்பதையும் நன்றி சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள் என்பதால் மனதுக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

இங்கே தமிழர் என்றால் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். வந்த புதிதில் நான் வாயைத் திறந்தாலே "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். "இல்லைங்க, கண்டி" என்றால் நம்பமாட்டார்கள். அப்படி நம்பாத ஓர் அம்மாதான் மீரா பிறந்தபோது எனக்குப் பத்தியக் கறி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதனால் அந்தக் கணக்கு அன்றோடு நேராகிவிட்டது.

மீரா என் மகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்து வளர்ந்தவள். நான் "வாங்க, போறோம்" என்று எங்கள் ஊர்த் தமிழில் பேச, அவள் "ஓம் அம்மா, வாறன்" என்று பதில் சொல்வாள். கோபம் வந்தால் நோர்வீஜியனுக்குப் போய்விடுவாள். செல்வியைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள். செல்விக்கு அது ஆகவே ஆகாது.

"நான் எதுலடி சின்ன அம்மா? ஒங்கம்மாவை விட நாந்தான் ஒசரம். சித்தின்னு கூப்புடு!" என்று போனிலேயே சண்டை பிடிப்பாள்.

சின்ன வயதில் மீரா அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். பெரிய வகுப்புக்குப் போனதும் சிரிப்பும் நின்றது, பேச்சும் நின்றது. போனைக் கையில் கொடுத்தால், "எனக்குக் கதைக்க ஒண்டும் இல்லை அம்மா" என்று திருப்பித் தந்துவிடுவாள். பிள்ளைகள் ஒரே நாளில் தூரப் போவதில்லை. பஸ் ஸ்டாண்டில் நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே மெதுவாகப் பின்னால் உருளும் பஸ் மாதிரித்தான் போகிறார்கள். எனக்கு அது நெஞ்சில் ஒரு முள்ளாகவே இருந்தது.

3

இனி ஊர்க் கதைக்கு வருகிறேன். செல்வி தன் பேக்டரிக் கூரை முழுக்க சோலார் போட்டிருந்தாள். கோயில் மண்டபத்தின் மேலும் பள்ளிவாசலின் மேலும் அதற்கு முன்பே போட்டிருந்தார்கள். கரண்டு வெட்டும் பெற்றோல் வரிசையும் பட்டு நொந்த தெரு அது. கடைக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசி, ஒரு கூட்டுக் கம்பெனி தொடங்கித் தெருவின் மற்றக் கூரைகளிலும் போடுவது, வரும் கரண்டைத் தெருவே பாவித்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். அந்த நம்பிக்கையில் செல்வி பேக்டரிக்குப் பக்கத்தில் மரக்கறிக்காக ஒரு குளிரறை கட்டினாள். வத்தேகமப் பக்கம் தோட்டம் செய்கிறவர்கள் கடை பூட்டும் நாட்களில் போஞ்சியையும் கறிமிளகாயையும் அழுகவிட்டுக் கொட்டுவார்கள். இனிக் கொட்ட வேண்டாம் என்பது அவள் எண்ணம். அறை கட்டி முடிந்தது, கதவும் மாட்டியாயிற்று. கூரைகளில் சோலார் வந்தால்தான் அதை ஓட்டிக் கட்டுப்படியாகும்.

கரண்டுக் கந்தோரில், அதுதான் மின்சார ஆபீஸில், முடியாது என்றுவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? புத்தாண்டு!

சித்திரை விடுமுறைக்கு எங்கள் நாடு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேக்டரி, கடை, கந்தோர் எல்லாம் பூட்டு. புத்தாண்டைச் சிங்களவர் அவுருது என்பார்கள். பழைய வருஷம் போய்ப் புது வருஷம் பிறக்கும் இடைவெளியை நோனகத்தே என்பார்கள். அப்போது அடுப்பும் எரியாது, வேலையும் நடக்காது. நாங்களும் புண்ணியகாலம் என்று மருத்துநீர் வைத்து முழுகிவிட்டுச் சும்மா இருப்போம். சூரியனுக்கு மட்டும் லீவு கிடையாது. கூரைகள் கரண்டைக் கொட்டும், வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. தெருவில் மிஞ்சுவது எல்லாம் ட்ரான்ஸ்போமர் வழியாக மேலே ஏறும். நாடு முழுக்க இப்படி ஏறினால் பெரிய கம்பிகளே தடுமாறிப்போகும். அதனால் ஒவ்வொரு விடுமுறைக்கும் சோலார் வைத்திருப்பவர்களின் போனுக்கு, பகலில் நிறுத்தி வையுங்கள் என்று ஓர் அறிவித்தல் வரும். வெயிலில் காய வைத்த துணியை வெயிலிலேயே மடித்து வைக்கச் சொன்ன மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கந்தோரின் நியாயம் எனக்குத் தெரியும். நானும் அந்தக் கதிரையில்தானே இருக்கிறேன்.

செல்வி விடுவாளா? நேரே போய் இன்ஜினியர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இன்ஜினியர் திலினி மிஸ் கம்பளையில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"எனக்கும் சைன் வைக்க ஆசைதான் நே, செல்வி. ஆனா அவுருது பகல்ல ஒங்க தெருவுல ஒரு பேன் கூட சுத்தாது. இருக்குற மூணு கூரை கரண்டே மேல தள்ளுது. இன்னும் போட்டா என்னா செய்றது?"

"அவுருது பகல்ல நாங்களே அந்தக் கரண்டை சாப்பிட்டுக் காட்டுனா?"

திலினி மிஸ் பேனையை மேசையில் வைத்தாராம். "காட்டுங்க. அன்னைக்கு மட்டும் மூணு கூரையையும் நிப்பாட்ட வேணாம், நானே மீட்டரோட வந்து நிக்கிறேன். எல்லாரும் மெஷினைப் போட்டதுக்கு அப்புறம், வெயில் சாயுற வரைக்கும் ஒரு சொட்டு மேல வரக்கூடாது. அப்புடி வராட்டி சைன் வைக்கிறேன், பெரிய எடத்துக்கும் நானே எழுதுறேன். வந்துச்சுன்னா இந்தப் பேச்சை விட்டுறணும்."

"சரி மிஸ்" என்று எழும்பி வந்துவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் எனக்குப் போன் பண்ணினாள். ஊரே தூங்குகிற நாளில் யாரை வைத்துடி மெஷின் ஓட்டப் போகிறாய் என்று கேட்டேன். "அதைத்தான்க்கா நானும் யோசிக்கிறேன்" என்றாள் சாவகாசமாக.

4

வழி சொன்னவன் பண்டார. ஐஸ் மெஷினை ஓட்டுகிறவன், வத்தேகமக்காரன். புத்தாண்டில் அடுப்பு மூட்ட ஒரு சுபநேரம் இருப்பதுபோல வேலை தொடங்கவும் ஒரு சுபநேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் எல்லாரும் பேருக்கு ஒரு வேலை செய்வார்கள். தையல்காரர் ஒரு தையல் போடுவார், தச்சர் பலகையில் ஓர் இழைப்பு இழைப்பார், பிறகு மூடிவிட்டுப் பலகாரம் தின்னப் போய்விடுவார்கள். அந்த வருஷம் சுபநேரம் விழுந்தது நடுப்பகலையொட்டி. வெயில் உச்சியில் நிற்கும் நேரம்!

"தொடங்குறதுக்குத்தானே மிஸ் நேரம் சொல்றாங்க? நிப்பாட்டுறதுக்கு எந்த நேரமும் சொல்லலயே" என்று செல்வியிடம் சொன்னானாம் பண்டார. "தொடங்கிட்டு அப்புடியே ஓட விட்டா என்னா?"

எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. வெயில் நேரத்துக் கரண்டை ஐஸாக்கி வைத்துவிட்டால் அது பல நாளுக்கு நிற்கும். விடுமுறை முடிந்து முதல் மீன் லொறி வரும்போது ஊரில் ஐஸுக்குப் பஞ்சம்தான் வழக்கம். அன்றைக்குச் செல்வியிடம் மட்டும் மலை மாதிரி ஐஸ் இருக்கும். வியாபாரத்துக்கு வியாபாரம், சூரியனுக்குச் சாப்பாடு.

பிறகுதான் எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களாக ஆனார்கள். யாருடைய சுபநேரம்? சிங்களக் கடைகளுக்கு அவர்கள் பஞ்சாங்கத்து நேரம். தமிழ்க் கடைகளுக்கு இரண்டு பஞ்சாங்கம், ஒன்றுக்கு ஒன்று ஆகாது. கோயில் குருக்கள் வாக்கியம் என்பார். தையல் கடைக்காரரும் இரும்புக் கடைக்காரரும் திருக்கணிதம் என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரே தெருவில் புது வருஷம் பல தடவை பிறக்கும். மாவு மில் வைத்திருக்கும் பாரூக் நாநா சிரித்தார். "எங்களுக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான் தங்கச்சி. மத்தியான லுஹர் தொழுதுட்டு வந்து போடுறேன், இன்ஷா அல்லாஹ்."

செல்விக்கு ஒற்றுமைப் பைத்தியம் பிடித்துவிட்டது. தெருவே ஒரே நிமிஷத்தில் பட்டனை அமுக்க வேண்டுமாம், அதுதான் அழகாம். கடை கடையாக ஏறி இறங்கினாள். கூட்டம் போட்டாள், வடையும் ப்ளேன்டீயும் கொடுத்தாள், குருக்களிடம் கெஞ்சினாள், தையல் கடைக்காரரிடம் சண்டை பிடித்தாள். கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்துக்கு இறங்கி வந்தார்கள். பாரூக் நாநா கூட, "சரி, நான் முந்திப் போட்டுட்டுத் தொழப் போறேன்" என்று விட்டுக்கொடுத்தார். செல்வி அன்றைக்குப் போனில் பேசிய பேச்சைக் கேட்டால் நாட்டில் சமாதானத்தைக் கொண்டுவந்ததே அவள்தான் என்று நினைப்பீர்கள்.

புத்தாண்டுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். செல்வி நடு ரோட்டில் நின்று விசில் ஊதினாள். தெரு முழுக்க ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கியது. டமார் என்று ஒரு சத்தம். ட்ரான்ஸ்போமர் பியூஸ் போய்த் தெருவே செத்துவிட்டது. சலூனில் ஒருவர் பாதித் தலை வழித்த நிலையில் வெளியே ஓடி வந்தாராம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

5

செல்வி அழுதுகொண்டே போன் பண்ணினாள். "போச்சுக்கா, எல்லாம் போச்சு. இந்தத் தெரு தாங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"இரு இரு. எல்லாரும் ஒரே நிமிஷத்துலயாடி அமுக்குனீங்க?"

"ஆமா. அதுக்குத்தானே நான் இவ்வளவு நாளா நாயா அலைஞ்சேன்!"

எனக்கு வந்த சிரிப்பில் பேச முடியவில்லை. அவள் என்னைத் திட்டத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினேன். மெஷின் ஓடும்போது குடிக்கும் கரண்டு வேறு, நின்ற இடத்திலிருந்து எழும்பும்போது குடிப்பது வேறு. எழும்பும் அந்தக் கொஞ்ச நேரம் பல மடங்கு குடிக்கும். எல்லா மெஷினும் ஒன்றாக எழும்பினால் எந்த பியூஸ் நிற்கும்? பொதுப் பைப்பில் ஊரே ஒரே நேரத்தில் குடத்தை நீட்டினால் என்ன நடக்கும் என்று கேட்டேன்.

"அப்ப என்னாதான் பண்றது?"

"ஒருத்தர் மெஷின் எழும்பி ஓடத் தொடங்குன பொறகு அடுத்தவர் போடணும். கொஞ்சம் கொஞ்சம் எடவெளி விட்டு."

மெதுவாகக் கேட்டாள். "ஆளுக்கொரு நேரத்துல போட்டா போதுமா?"

"போதுமாவா? அதுதாண்டி வேணும்."

"அடக் கடவுளே! அதுக்கு நான் ஒண்ணுமே பண்ணாம வீட்டுல இருந்திருந்தாலே போதுமேக்கா!"

பியூஸ் மாற்ற ஆட்களோடு வந்த திலினி மிஸ்ஸும் அதையே சொன்னாராம். யார் யார் எந்த நேரத்தில் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, "இதை விட நல்ல இடைவெளி என்னால கூட போட்டுத் தர ஏலாது" என்று சிரித்திருக்கிறார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

செல்வி மறுபடியும் கடை கடையாக ஏறினாள். இந்தத் தடவை, தயவுசெய்து சண்டையைத் தொடருங்கள் என்று சொல்வதற்கு! குருக்களுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "வாக்கியந்தான் சரின்னு கரண்டுக் கந்தோரே ஒத்துக்கிச்சு பாத்தீங்களா?" என்று கோயிலில் வைத்தே சொன்னாராம். தையல் கடைக்காரரிடம் கேட்டால் கந்தோர் ஒத்துக்கொண்டது திருக்கணிதத்தை. பாரூக் நாநா தன் தொழுகை நேரத்துக்கே திரும்பிப் போனார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். "ஊர் நாலுபட்டா கரண்டுக்குக் கொண்டாட்டம்க்கா" என்றாள் செல்வி.

எனக்கு இங்கே வேறொரு கூத்து. அன்றைக்கு லீவு வேண்டும். எங்கள் கம்பெனியில் லீவுக்குக் காரணம் சொல்ல வேண்டும், கம்பியூட்டரில் இருக்கும் காரணங்களுக்குள் ஏப்ரல் மாதத்துப் புத்தாண்டு இல்லை. பொறுப்பான பெண்ணிடம் போய் நோர்வீஜியனில் விளக்கினேன். நம் பேச்சில் வருஷம் பிறக்கும் அல்லவா, அவசரத்தில் அதையே சொல்லி, ஊரில் ஒரு பிறப்பு இருக்கிறது, தங்கை தனியாக நிற்கிறாள் என்றுவிட்டேன். உடனே லீவு கிடைத்தது. மறுநாள் என் மேசையில் குழந்தைச் சொக்ஸ் ஒரு சோடி இருந்தது.

6

கட்டுகஸ்தோட்டையில் நடுப்பகல் என்றால் எங்களுக்குக் காலை. பால் பொங்க வைத்துவிட்டு, சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்குப் புறப்பட்ட மீரா பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா நடக்குது? ஏன் எல்லாரும் ரோட்டில நிக்கினம்?"

"சித்தி தெருவுல இன்னைக்குச் சோலாருக்குப் பரீட்சை."

"அஞ்சு நிமிஷம் பாக்கிறன்" என்று நின்றாள்.

போனுக்குள் என் தெரு. பிள்ளைகள் புதுச் சட்டையோடு மதில் மேல் ஏறியிருந்தார்கள். ட்ரான்ஸ்போமர் போஸ்ட்டின் கீழ் திலினி மிஸ், ஒரு கையில் குடை, மறு கையில் மீட்டர், காலடியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பெட்டி. புத்தாண்டு அன்று தன் வீட்டுப் பால்சோறான கிரிபத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த அந்த மனுசிக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒரு முகில் கூட இல்லை.

முதலில் குருக்களின் நேரம். மணி அடித்தது, கோயில் மோட்டரும் தச்சுப் பட்டறையும் எழும்பின. "இன்னும் மேல போகுது" என்றார் திலினி மிஸ். அடுத்தது பண்டாரவின் நேரம். அந்த வருஷம் வேலை தொடங்க வடக்குப் பார்க்க வேண்டுமாம். ஐஸ் மெஷினின் பட்டன் பலகையோ தெற்குச் சுவரில். பண்டார பலகைக்கு முதுகைக் காட்டி, வடக்குப் பார்த்து விறைப்பாக நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான்.

"பண்டார, வேற எதையாவது அமுக்கித் தொலைச்சிறாதே!" என்று கத்தினாள் செல்வி.

"கைக்குத் தெரியும் மிஸ்" என்றான். தெரிந்துதான் இருந்தது. மெஷின் உறுமிக்கொண்டு எழும்பியது. மீரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பள்ளி பஸ் எங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று புறப்பட்டுப் போனதை இரண்டு பேரும் பார்த்தோம், திரும்பவும் போனுக்கே கண்ணைக் கொண்டுவந்தோம்.

பிறகு திருக்கணிதம். தையல் மெஷின்களும் இரும்பு வெட்டும் மெஷினும் ஓடத் தொடங்கின. "கொறைஞ்சிருச்சு. ஆனா இன்னும் மேலதான் போகுது" என்றார் திலினி மிஸ். மிச்சம் இருந்தது பாரூக் நாநாவின் மில் மட்டும். தெருவில் அதுதான் பெரிய மெஷின், எழும்பும்போது குடிப்பதும் அதுதான் அதிகம். விடுமுறையில் மில் திறந்திருக்கும் என்று கேள்விப்பட்டு அரிசியும் மிளகாயும் மல்லியுமாக ஊரே பையோடு வரிசையில் நின்றது. அரைக்க வேண்டியது நிறைய. தாங்க வேண்டியது ஒரே ஒரு பியூஸ்.

தொழுகை முடிந்து நாநா தொப்பியோடு வேகமாக வந்தார். "எல்லாம் ஓடிட்டு ஈக்கிதா? நான் போடவா?" என்று கேட்டார். திலினி மிஸ் தலையாட்டினார். "பிஸ்மில்லாஹ்" என்று சுவிட்சை இழுத்தார்.

படம் அப்படியே நின்றுவிட்டது.

சத்தமும் இல்லை. நாநாவின் கை சுவிட்சில், செல்வியின் கண் மூடியபடி, எல்லாம் உறைந்து நின்றது. "லைன் போயிட்டுதோ அம்மா?" என்று மீரா கேட்டாள். பியூஸ் போய்விட்டது, தெரு செத்துவிட்டது, குளிரறை இனி வெறும் அறைதான் என்று மனம் ஓடியது. மீரா பையைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிப் பிடித்து எவ்வளவு காலம்! அந்தப் பயத்திலும் எனக்கு அது தெரிந்தது.

பிறகு படம் அசைந்தது. முதலில் வந்தது மில்லின் இரைச்சல். கடகடவென்று, காது கிழியும் அந்தச் சத்தத்தை விட நல்ல பாட்டை நான் கேட்டதில்லை. போனதெல்லாம் எங்கள் போனின் லைன்தான், தெருவின் லைன் அல்ல! திலினி மிஸ் மீட்டரைப் பார்த்தார். குடையை மடித்தார். மறுபடியும் பார்த்தார்.

"நின்னுருச்சு" என்றார். "மேல போறது நின்னுருச்சு. இப்ப நீங்க கேக்குறீங்க, நாங்க தாறோம். ஹரி, எல்லாம் சரி!"

அதற்குப் பிறகு யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. சீனவெடி, விசில், மதில் மேல் பிள்ளைகளின் கூச்சல். குருக்கள் பாரூக் நாநாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் வெயில் சாயும் வரைக்கும் தாங்க வேண்டுமே! நான் அசையவில்லை, மீராவும் பள்ளிக்குப் போகவில்லை. மில் அரைத்துக்கொண்டே இருந்தது, ஐஸ் உறைந்துகொண்டே இருந்தது. பின்னேரம் மலைக்குப் பின்னாலிருந்து மழை முகில் வந்து கூரைகளை மூடியபோது திலினி மிஸ் மீட்டரைக் கழற்றினார். வெயில் சாயும் வரைக்கும் ஒரு சொட்டு மேலே ஏறவில்லை. செல்வி தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிய திலினி மிஸ் அவள் வாயில் ஒரு பலகாரத்தைத் திணித்தார்.

7

திலினி மிஸ் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சைன் வைத்தார், பெரிய இடத்துக்கும் எழுதினார். தெருக் கூரைகளில் சோலார் ஏறியது. குளிரறையில் இப்போது வத்தேகமப் போஞ்சி பச்சையாகக் கிடக்கிறது. போன புத்தாண்டில் உறைந்த பாளம் ஒன்றுக்குள் பண்டார ஒரு செவ்வரத்தைப் பூவைப் போட்டிருந்தான். இனி ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அப்படித்தானாம். இன்று வந்த படம் இந்த வருஷத்துப் பாளம்.

அதோடு விடவில்லை செல்வி. பின்னாலேயே இன்னொரு படம் அனுப்பினாள். சோலார் வைத்திருப்பவர்களுக்கு இந்த விடுமுறைக்கு வந்த அறிவித்தல். எனக்குக் காட்டாமல் இன்றுவரை ஒளித்து வைத்திருந்திருக்கிறாள், கள்ளி. விடுமுறைப் பகலில் உங்கள் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று எப்போதும் வரும் அதே வரிகள்தான். கடைசியில் மட்டும் ஒரு புது வரி இருந்தது. 'கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, கம்பளை கடைத்தெருக்களுக்கு இந்த அறிவித்தல் பொருந்தாது.'

திரும்பத் திரும்பப் படித்தேன். நிறுத்து என்று நாட்டுக்கே சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் ஓட்டுங்கள் என்று எங்கள் தெருவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எங்களைப் பார்த்து வத்தேகமவும் கம்பளையும் சேர்ந்துவிட்டன. அங்கேயும் ஆளுக்கொரு பஞ்சாங்கம் இருக்கத்தானே செய்யும்!

போன் அடித்தது. "பாத்தியாக்கா?" என்றாள் செல்வி. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அடுத்த வருஷம் ஐஸ் மெஷின் பட்டனை அமுக்க நீ வரணும். பண்டார எடம் விட்டுத் தாரேன்னுட்டான். யாரு நேரத்துல அமுக்குறதுன்னு மட்டும் நீயே முடிவு பண்ணிக்க, என்னைய அந்தச் சண்டைக்கு இழுக்காத."

நான் பதில் சொல்வதற்குள் போன் என் கையில் இல்லை. மீரா வாங்கிக்கொண்டாள்.

"ஓம் சித்தி," என்றாள். "நானும் வாறன்."